மே மாச வெயில்ல இகுவானாவோட குன்னூருக்கு: ஒரு வாசகிக்கு பதில்

சென்னையில இருந்து ஒரு வாசகி நீளமா ஒரு கடிதம் எழுதியிருக்காங்க. பேர், ஏரியா எல்லாம் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சுருக்கமா சொல்றேன். கணவருக்கு குன்னூருக்கு டிரான்ஸ்ஃபர் ஆகியிருக்கு. மே கடைசியில வீடு மாத்தி, ஜூன்ல பையனை அங்க ஏழாம் வகுப்புல சேர்க்கணும். வீட்டுல மூணு ஜீவன் இருக்கு. மூணு வயசு ஆண் பச்சை இகுவானா, அதாவது ஓணான் மாதிரி இருக்கிற பெரிய வெளிநாட்டுப் பல்லி, வாலோட சேர்த்து கிட்டத்தட்ட நாலடி, கடையில பில் போட்டு வாங்கினது. ரெண்டாவது கன்னத்துல சிவப்புக் கோடு போட்ட ஸ்லைடர் ஆமை. மூணாவது, சில வருஷத்துக்கு முன்னாடி மாமனார் ஊர்ல இருந்து கொண்டு வந்து குடுத்த நட்சத்திர ஆமை, அது இருக்கிற வீட்டுல லட்சுமி தங்கும்னு மாமியார் நம்புறாங்க.

அவங்க போட்டிருக்கிற பிளான் இது. சாமான் லாரியில போகும், அதே நாள் குடும்பம் கார்ல கிளம்பும். இகுவானாவை பையன் மடியில வச்சுக்குவான், கூண்டுல போட்டா பயந்துடுமாம். ஸ்லைடரை பக்கெட்ல தண்ணியோட வச்சுடுறது. நட்சத்திர ஆமையை டிக்கியில துணி மூட்டைக்கு நடுவுல, யாராவது பார்த்தா பிரச்சனை வேண்டாம்னு. "குளிர் ரத்தப் பிராணிதானே டாக்டர், ஏசியை ஃபுல்லா வச்சுட்டா சுகமா தூங்கிடும்ல, இல்லன்னா தூங்க ஏதாவது மருந்து சொல்லுங்க"ன்னு கேக்குறாங்க. ஸ்லைடரை கொண்டு போக முடியலன்னா பக்கத்து கோயில் குளத்துல விட்டுடலாமான்னும் ஒரு கேள்வி. கடைசியா பையன் ஒரு கேள்வி எழுதச் சொல்லியிருக்கான், அதுக்கும் பதில் சொல்றேன்.

சகோதரி, வீடு மாத்தும்போது இதுங்களை யார் தலையிலயாவது கட்டிட்டு போறவங்கதான் ஜாஸ்தி. நீங்க ஒரு மாசம் முன்னாடியே உக்காந்து யோசிச்சு எழுதியிருக்கீங்க, அதுவே பாதி வேலை முடிஞ்ச மாதிரி. ஆனா பிளான்ல நிறைய மாத்தணும். முதல்ல மாத்த வேண்டியது கிளம்புற தேதி.

நீங்க கவலைப்படுறது அந்த பத்து பதினோரு மணி நேர கார் பயணத்தை நெனைச்சு. எனக்கு கவலை நீங்க போய் இறங்குற வீட்டை நெனைச்சு. நம்ம உடம்பு மாதிரி உள்ளேயே சூடு உண்டாக்கிக்கிற வசதி இகுவானாவுக்கும் ஆமைக்கும் கிடையாது, சுத்தி இருக்கிற சூடுதான் அதுங்களோட சூடு. சாப்பிட்டது செரிக்கிறது, நோயை எதிர்த்து நிக்கிறது எல்லாமே அந்த சூட்டை நம்பித்தான் நடக்குது. பச்சை இகுவானாவுக்கு பகல்ல 27ல இருந்து 32 டிகிரி வரைக்கும் வேணும், வெயில் காயுற இடத்துல 35 வரைக்கும் வேணும், ராத்திரி கூட 22க்கு கீழ போகாம பார்த்துக்கணும். சென்னையில இதை இயற்கையே குடுத்துட்டு இருந்துச்சு, அதனால உங்களுக்கு இது ஒரு வேலையாவே தெரிஞ்சிருக்காது. குன்னூர் கிட்டத்தட்ட 1,850 மீட்டர் உயரத்துல இருக்கு, மே மாசத்துலயே ராத்திரி ஸ்வெட்டர் தேடுவீங்க, டிசம்பர் ஜனவரியில கேக்கவே வேண்டாம். அமெரிக்காவுல புளோரிடாவுல காட்டுத்தனமா பெருகிக் கிடக்கிற இதே பச்சை இகுவானாக்கள், குளிர் பத்து டிகிரிக்கு கீழ இறங்கின ராத்திரிகள்ல மரத்துல இருந்து விறைச்சுப் போய் பொத்துன்னு விழுந்துச்சு, 2020 ஜனவரியில அங்க வானிலை அலுவலகமே இகுவானா விழும் ஜாக்கிரதைன்னு மக்களுக்கு சொல்ல வேண்டியதாப் போச்சு. கொஞ்சம் வெயில் வந்ததும் சிலது எழுந்து நடந்துடுச்சு, எழாமலே போனதும் உண்டு.

அதனால ஷிஃப்டிங் அன்னைக்கு இதுங்களைக் கூட்டிட்டுப் போகாதீங்க. அன்னைக்கு வீடு முழுக்க அட்டைப்பெட்டி, கதவு திறந்தே கிடக்கும், கரண்ட் கனெக்‌ஷன் வந்துச்சா இல்லையான்னே தெரியாது, கூண்டு லாரியில எங்கேயோ அடியில மாட்டிக்கிட்டு இருக்கும். சென்னையில உங்க தம்பி வீடு இருக்குன்னு எழுதியிருக்கீங்க, ரெண்டு வாரம் அங்க இருக்கட்டும். கணவர் முதல்ல போய் ஒரு சின்ன ரூமை ஒதுக்கி, கூண்டை செட் பண்ணி, வெளிச்சம் இல்லாம சூடு மட்டும் குடுக்கிற செராமிக் ஹீட்டரை தெர்மோஸ்டாட்டோட மாட்டி, காலியான கூண்டுலயே சில ராத்திரி ஓட்டிப் பார்க்கட்டும். விடியக்காலை நாலு மணிக்கு தெர்மாமீட்டர் என்ன காட்டுதுங்கிறதுதான் முக்கியம், மத்தியானம் காட்டுறது இல்ல. மலையில மழைக்காலத்துல கரண்ட் போனா மணிக்கணக்குல வராது, அந்த ஹீட்டரை இன்வெர்ட்டர் தாங்குமான்னு எலெக்ட்ரீஷியன் கிட்ட இப்பவே கேட்டுடுங்க. இதெல்லாம் செய்ய முடியாதுன்னு தோணுச்சுன்னா, வருத்தமாத்தான் இருக்கும், ஆனாலும் சொல்லிடுறேன், இகுவானா சமவெளியிலயே நல்லா வளர்க்கத் தெரிஞ்ச ஒருத்தர் கிட்ட இருக்கிறது அதுக்கு நல்லது. அப்படி கை மாத்தினாலும் அதையும் சட்டப்படி பதிவு பண்ணித்தான் செய்யணும். அதைப் பத்தி இப்ப சொல்றேன்.

நட்சத்திர ஆமை கார்ல வரவே கூடாது

மத்த எதை மறந்தாலும் இதை மறக்காதீங்க. நட்சத்திர ஆமை நம்ம நாட்டு காட்டு உயிர். 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல, 2022ல வந்த திருத்தத்துக்கு அப்புறம், இது ரொம்பக் கடுமையான பாதுகாப்பு குடுக்கிற முதல் அட்டவணையில இருக்கு. உலக அளவுல விலங்கு வியாபாரத்தைக் கட்டுப்படுத்துற சைட்டிஸ் ஒப்பந்தத்துலயும் 2019ல முதல் பட்டியலுக்கு ஏத்திட்டாங்க, அவ்வளவு கடத்தல். முதல் அட்டவணை உயிர்னா குற்றம் நிரூபணமானா மூணு வருஷத்துல இருந்து ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில், குறைஞ்சது 25,000 ரூபாய் அபராதம். "நாங்க வாங்கல, பரிசா வந்தது, ரொம்ப வருஷமா பாசமா வளர்க்கிறோம்"னு நீங்க எழுதினது எனக்குப் புரியுது, ஆனா சட்டம் அதை சாக்கா எடுத்துக்காது. நீலகிரிக்குள்ள போற வண்டிகளை பிளாஸ்டிக், இ-பாஸ்னு செக்போஸ்ட்ல நிறுத்தித்தான் விடுறாங்க. துணி மூட்டைக்குள்ள ஒளிச்சு வச்சது தெரிய வந்தா, தெரியாம வளர்த்தோம்னு சொல்ற வாய்ப்பும் போயிடும், ஏன்னா ஒளிச்சதே தெரிஞ்சு செஞ்சதுக்கு சாட்சி ஆயிடும். சட்டத்தை விடுங்க, மே மாச டிக்கியில ஏசி காத்தும் போகாது, ஆமை வெந்துடும்.

அப்ப என்ன செய்யலாம்? நான் மிருக டாக்டர், வக்கீல் இல்ல. அதனால முதல்ல வனவிலங்குச் சட்டம் தெரிஞ்ச ஒரு வக்கீல் கிட்ட அரை மணி நேரம் பேசுங்க. அவர் மூலமா, இல்ல அவர் சொல்ற மாதிரி, சென்னையில வனத்துறை வனவிலங்கு காப்பாளர் அலுவலகத்துல எழுத்து மூலமா தெரிவிச்சு ஒப்படைங்க, ஒப்படைச்சதுக்கு கையெழுத்து வாங்கிக்கோங்க. கேஸே வராதுன்னு நான் உறுதி குடுக்க முடியாது, ஆனா தானா போய் குடுக்கிறவங்களை அதிகாரிங்க பார்க்கிற விதமும் வழியில பிடிபட்டவங்களைப் பார்க்கிற விதமும் ஒண்ணு இல்ல. தயவு செஞ்சு நீங்களே ஏதாவது புதர்க்காட்டுல கொண்டு போய் விட்டுடாதீங்க. வீட்டுல வளர்ந்த ஆமை கிட்ட இருக்கிற நோய் காட்டு ஆமைக்கு போயிடும். அது மட்டும் இல்ல, வடமேற்கு இந்தியாவுல இருக்கிற நட்சத்திர ஆமையும் தெற்குல இருக்கிறதும் பரம்பரையில வேற வேற, உங்க ஆமை எந்த மண்ணோடதுன்னு யாருக்கும் தெரியாது. மாமியார் கிட்ட லட்சுமி வருமா வராதான்னு வாதம் பண்ண வேண்டாம். இது காட்டுல இருந்து எடுத்து வந்த உயிர், அதை சரியான கையில சேர்க்கிறது நம்ம பொறுப்புன்னு சொல்லுங்க, பெரியவங்களுக்கு அது புரியும்.

இகுவானா வெளிநாட்டு இனம், வளர்க்கலாம், ஆனா கடை பில் மட்டும் போதாது. இது சைட்டிஸ் ரெண்டாவது பட்டியல்ல இருக்கு, அதனால நம்ம சட்டத்துல நாலாவது அட்டவணைக்குள்ள வருது. 2024 பிப்ரவரி கடைசியில வந்த விதிகள் படி இந்த மாதிரி உயிர் வச்சிருக்கிறவங்க பரிவேஷ் 2.0ங்கிற அரசாங்க போர்ட்டல்ல பதிவு பண்ணணும், ஏற்கெனவே வச்சிருந்தவங்களுக்கு ஆறு மாச அவகாசம் குடுத்தாங்க. உங்களுக்கு அது தெரியாமலே தேதி தாண்டிடுச்சு. தாண்டிடுச்சேன்னு பேசாம இருந்துடாதீங்க, அதே வக்கீல் கிட்ட இதையும் சேர்த்துக் கேட்டு, பில்லோட, தாமதத்துக்குக் காரணம் எழுதி, தலைமை வனவிலங்கு காப்பாளர் அலுவலகத்தை நீங்களே அணுகுங்க. முகவரி மாறுறதையும் எழுத்துல குடுங்க. இந்த பேப்பர் வேலை முடிஞ்சப்புறம் இகுவானா மலை ஏறட்டும், நகல் ஒண்ணு கார்லயே இருக்கட்டும்.

கார்ல எப்படி வைக்கிறது

மடியில வேண்டவே வேண்டாம். பாசம் புரியுது, ஆனா ஒரு லாரி ஹாரன் அடிச்சா போதும், அது தாவி டிரைவர் தோள்ல ஏறும், இல்ல பிரேக்குக்கு அடியில போய் ஒடுங்கும். பையன் பதறிப் போய் வாலைப் பிடிப்பான், வால் கழண்டு கையோட வந்துடும், பயந்தா வாலை விட்டுட்டு ஓடுறது அதோட இயல்பு. வெட்ட வெளிச்சத்துல ஓடுற மரம், வண்டி எல்லாத்தையும் பார்க்கிறதுதான் அதுக்கு பயம், இருட்டா இறுக்கமா இருக்கிற இடம் பயம் இல்ல. பழைய காட்டன் தலையணை உறை ஒண்ணை எடுத்து, ஓரத்துல நூல் தொங்காத மாதிரி பார்த்து, நகம் மாட்டிக்கும் அதனால சொல்றேன், அதுக்குள்ள இகுவானாவை விட்டு வாயை முடிச்சுப் போடுங்க. காட்டன் துணி வழியா மூச்சு தாராளமா விடும். அந்த உறையை நாலு பக்கமும் ஓட்டை போட்ட மூடி வச்ச பிளாஸ்டிக் பெட்டியில வைங்க, அடியில டவல். உடம்பு நேரா படுத்து வால் ஒரு மடிப்பு மடங்குற அளவு பெட்டி போதும், ரொம்பப் பெரிய பெட்டின்னா ஒவ்வொரு பிரேக்குக்கும் உள்ள உருண்டு அடிபடும். பெட்டியை பின் சீட்டுல வச்சு சீட் பெல்ட் போடுங்க, முன் சீட்டுல ஏர்பேக் இருக்கு, அங்க வேண்டாம். கார்ல தொங்குற வாசனை பாட்டில், கற்பூரம், ஊதுபத்தி எல்லாத்தையும் ரெண்டு நாள் முன்னாடியே எடுத்துடுங்க.

ஸ்லைடர் தண்ணி ஆமைதான், ஆனா மூச்சு விடுறது நுரையீரல்ல. ஒரு நாள் முழுக்க தண்ணிக்கு வெளிய ஈர டவல் மேல இருந்தா அதுக்கு ஒண்ணும் ஆகாது. பக்கெட்ல தண்ணியோட வச்சா வளைவுக்கு வளைவு தளும்பி அது தலைகீழா கவுந்துடும், திரும்பி எழ முடியாம முங்கிச் செத்துப் போன ஆமையை கிளினிக்குக்கு கொண்டு வந்திருக்காங்க. ஓட்டை போட்ட சின்ன பெட்டி, அடியில பிழிஞ்ச டவல், மேல இன்னொரு ஈரத் துணி, அவ்வளவுதான். ஆமையைத் தொட்ட கையோட பிஸ்கட் எடுத்து சாப்பிட வேண்டாம், சால்மொனெல்லா கிருமி இதுங்க மேல நோய் எதுவும் காட்டாம இருக்கும், மனுஷனுக்கு வந்தா கடுமையான வயித்துப்போக்கு. குழந்தைங்களுக்கு அடிக்கடி வந்துதான் அமெரிக்காவுல 1975ல இருந்தே நாலு அங்குலத்துக்கு சின்ன ஆமையை விக்கவே தடை போட்டாங்க. தண்ணியும் சோப்பும் கைக்கு எட்டுற இடத்துல வச்சுக்கோங்க.

கோயில் குளத்துல விடுற யோசனைக்கு என் பதில் வேண்டாம், எந்தக் காரணம் சொன்னாலும் வேண்டாம். உலகத்தோட மிக மோசமான நூறு ஆக்கிரமிப்பு உயிர்கள்னு சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு சங்கம் போட்ட பட்டியல்ல இந்த ஸ்லைடரும் ஒண்ணு. நம்ம குளத்து ஆமை வெயில் காயுற கல்லையும் அதோட சாப்பாட்டையும் இது பிடிச்சுக்கும். இது முப்பது வருஷம் கூட வாழக்கூடியது, ஒரு தடவை விட்டா அந்தக் குளம் அதுக்கப்புறம் பழைய குளம் இல்ல.

சூடு, ஏசி, மருந்து

ஆறேழு நூறு ரூபாய்க்குள்ள வயர் நுனியில சூட்டை உணருற ப்ரோப் வச்ச டிஜிட்டல் தெர்மாமீட்டர் கிடைக்கும், மீன் தொட்டிக்கு விக்கிறது. ப்ரோப்பை இகுவானா பெட்டிக்குள்ள விட்டு டிஸ்ப்ளேவை வெளிய வைங்க, அதைப் பார்க்கிற பொறுப்பை பையன் கிட்ட குடுங்க. 25க்கும் 29க்கும் நடுவுல இருக்கணும். ஏசியை ஃபுல்லா வச்சு காத்து நேரா பெட்டி மேல அடிச்சா ஒரு மணி நேரத்துல அது கருத்துப் போய் கண்ணை மூடிக்கிட்டு அசையாம கிடக்கும், நீங்க சுகமா தூங்குதுன்னு நெனைப்பீங்க, அது குளிர்ல முடங்கிக் கிடக்குது. நீங்க குளிர் இல்லாம லேசா இதமா உணருற அளவுதான் அதுக்கு சரி.

சூடுதான் இன்னும் பெரிய ஆபத்து, அது நிமிஷக் கணக்குல கொல்லும். நிறுத்தி வச்ச கார் எவ்வளவு சூடாகும்னு அமெரிக்காவுல அளந்து 2005ல ஒரு ஆய்வு வந்துச்சு. வெளிய 22ல இருந்து 36 டிகிரி வரைக்கும் இருந்த நாட்கள்ல ஒரு மணி நேரத்துல உள்ள சராசரியா 22 டிகிரி ஏறியிருக்கு, அதுல எண்பது சதவீதம் முதல் அரை மணி நேரத்துலயே. ஜன்னலை கொஞ்சம் இறக்கி வச்சும் பெரிய வித்தியாசம் இல்ல. சேலம் பக்கம் மத்தியானம் நாற்பதை ஒட்டி இருக்கும், கணக்கு நீங்களே போட்டுக்கோங்க. அதனால டீ குடிக்க இறங்கினாலும் சாப்பிட இறங்கினாலும் ஒருத்தர் ஏசியோட கார்லயே இருக்கணும், முறை வச்சு இறங்குங்க. பெட்டிக்குள்ள வாயைத் திறந்தபடி வேகமா மூச்சு விட்டா சூடு தாங்கலன்னு அர்த்தம், உடனே பெட்டியை ஏசி காத்துக்குப் பக்கத்துல கொண்டு வந்து, சாதாரண தண்ணியில நனைச்ச துணியை உறை மேல போடுங்க. ஐஸ் கூடாது. மூக்குல வெள்ளையா உப்பு மாதிரி தெறிச்சா பயப்படாதீங்க, உடம்புல இருக்கிற அதிக உப்பை இகுவானா அப்படித்தான் வெளிய தள்ளும்.

விடியக்காலை நாலு மணிக்கு கிளம்புங்க. உளுந்தூர்பேட்டை, ஆத்தூர் எல்லாம் வெயில் ஏறுறதுக்கு முன்னாடி தாண்டிடலாம், அவிநாசி, அன்னூர் வழியா மத்தியானம் ரெண்டு மணிவாக்குல மேட்டுப்பாளையம் வந்துடுவீங்க. அங்க இருந்து குன்னூருக்கு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் ஏத்தம், ஒண்ணேகால் ஒண்ணரை மணி நேரத்துல வெளி சூடு பத்து டிகிரி வரைக்கும் இறங்கிடும். கல்லார் தாண்டினதும் ஏசியை நிறுத்துங்க, பர்லியார் வரும்போது கண்ணாடியை ஏத்துங்க, தெர்மாமீட்டர் 24ஐத் தொட்டா கார் ஹீட்டரை லேசா போடுங்க. மலைக்காத்து நல்லா இருக்கேன்னு ஜன்னலைத் திறந்து வைக்கத் தோணும், அன்னைக்கு மட்டும் வேண்டாம். வெந்நீர் பாட்டிலை உடம்போட ஒட்டி வைக்கிறதும் கூடாது. இதுங்களுக்கு சுடுதுன்னு விலகத் தெரியாது, வயிறு முழுக்க செதில் வெந்து பழுப்பேறி உரிஞ்ச இகுவானாவுக்கு நான் மாசக்கணக்குல மருந்து போட்டிருக்கேன்.

தூக்க மருந்து கேட்டீங்க. குடுக்க மாட்டேன், வேற யாரு குடுத்தாலும் வாங்காதீங்க. உடம்பு சூட்டுக்கு ஏத்த மாதிரிதான் இதுங்க உடம்புல மருந்து வேலை செய்யும், மயக்கத்துல இருக்கிற பிராணிக்கு சூடாகுதுன்னு வாயைத் திறந்து காட்டக் கூடத் தெரியாது.

முந்தின நாள், அன்னைக்கு, அடுத்த நாள்

கிளம்புறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி இகுவானாவுக்கு கீரையை நிறுத்திடுங்க, செரிக்காத இலை வயித்துல நொதிச்சு உப்புசம் ஆகும். அன்னைக்கு காலையில வெதுவெதுப்பான தண்ணியில, தோள் அளவுக்கு கீழ, இருபது நிமிஷம் உக்கார வைங்க, தண்ணி குடிக்கும், பெரும்பாலும் அங்கேயே கழிவும் போயிடும், அப்புறம் நல்லா துடைச்சு உறையில விடுங்க. வழியில பெட்டியைத் திறந்து தண்ணி குடுக்க வேண்டாம். வெயில்ல இருக்கிற புற ஊதாக் கதிரைக் குடுக்கிற யூவிபி பல்பை சட்டைத் துணியில சுத்தி தனியா கையோட எடுத்துட்டுப் போங்க, லாரியில போனா உடையும். ஒரு வருஷத்துக்கு மேல ஓடின பல்புன்னா புதுசே வாங்கிடுங்க, வெளிச்சம் வந்தாலும் அதுல சத்து இருக்காது, சென்னை மொட்டை மாடி வெயில் இனிமே கிடைக்காதே. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி பெட்டியில வச்சு அரை மணி நேரம் ஊருக்குள்ள ஒரு ரவுண்டு போய் வாங்க, எங்க என்ன இடிக்குதுன்னு அப்பவே தெரிஞ்சுடும்.

போய்ச் சேர்ந்ததும் நேரா சூடான கூண்டுக்குள்ள விட்டுட்டு துணியால ஒரு பக்கத்தை மறைச்சுடுங்க. அக்கம்பக்கத்துக் குழந்தைங்க பார்க்க வருவாங்க, நாலஞ்சு நாள் கழிச்சு வரச் சொல்லுங்க. சில நாள் சரியா சாப்பிடாம இருக்கிறது சகஜம். மூச்சு விடும்போது கொறகொறன்னு சத்தம், மூக்குல நீர்க்குமிழி, வாய்க்குள்ள பிசின் மாதிரி எச்சில், ஸ்லைடர் தண்ணியில ஒரு பக்கமா சாஞ்சு மிதக்கிறது, இதுல எது தெரிஞ்சாலும் காத்திருக்காதீங்க, அது நுரையீரல்ல சளி. இந்த மாதிரி பிராணி பார்க்கிற டாக்டர் கோயம்புத்தூர்ல யாருன்னு கிளம்புறதுக்கு முன்னாடியே விசாரிச்சு நம்பர் வாங்கி வச்சுக்கோங்க.

கடைசியா உங்க பையன் கேட்ட கேள்வி: "போன அன்னைக்கு ராத்திரியே அதுக்குப் பிடிச்ச செம்பருத்திப் பூ குடுக்கலாமா?" அன்னைக்கு வேண்டாம்ப்பா. ராத்திரி நல்லா தூங்கட்டும், மறுநாள் காலையில லைட்டுக்கு அடியில மூணு நாலு மணி நேரம் காயட்டும், உடம்பு திரும்ப பளிச்சுன்னு பச்சையா மாறின அப்புறம் நீயே உன் கையால குடு. குடுத்துட்டு கையை சோப்பு போட்டு கழுவிடு.